ஓடி முடிந்த குதிரைகள்

என் பிள்ளை, நீ எழுதியது செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம், நீ சுகமாயிருக்கிறாயா என்று பார்க்க. இரண்டாம் தரம், வாசித்ததை நம்ப முடியாமல். "அம்மா, எனக்கு றெஜினா சரிவராது. அப்பாவின் கண் எனக்கும் இருக்கிறது, ஒருதரம் பார்த்தால் போதும். தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது கை நடுங்கியது, முகம் வேர்த்தது, நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் குனிந்துகொண்டே நின்றாள். எதையோ மறைக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ" என்று எழுதியிருக்கிறாய். கொழும்பிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்து, பத்து நிமிஷம் ஒரு பெண்ணைப் பார்த்து, திரும்பவும் பஸ் ஏறிப் போய் எழுதிய கடிதம். நான் இன்னும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவளுடைய தகப்பன், வாத்தியார், பதில் கேட்டு வருவார். அவருக்கு என்ன சொல்லப் போகிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் உனக்கு அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கண்ணை மூடி மூன்று வருஷமாகிவிட்டது. இதை அவரிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உனக்காவது சொல்கிறேன்.

உனக்கு மூன்று வயதாயிருக்கும்போது வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் துறைமுகத்தை விட்டுப் போனது. அவர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்தவர்களில் அப்பா வேலைசெய்த கிடங்கின் முதலாளியும் ஒருவர். கப்பல்களுக்குக் கயிறும் வர்ணமும் பித்தளைச் சாமான்களும் விற்கிற கிடங்கு. அப்பாதான் அங்கே சாமான் பொறுப்பாளர் என்று உனக்குத் தெரியும். ஏலத்தில் எடுத்த பீங்கான் கோப்பைகளோடு ஒரு மரப்பெட்டியும் வந்து சேர்ந்தது. திறந்தால் முழுக்க இங்கிலீசுப் பத்திரிகைகள், அதுவும் குதிரைப் பந்தயப் பத்திரிகைகள். யாரோ ஒரு துரை பந்தயப் பைத்தியமாய் இருந்திருக்கிறான். தன் நாட்டிலிருந்து கப்பலில் வருவித்து, ஒரு நாள் தவறாமல் அடுக்கிக் கட்டி வைத்திருந்தான். முதலாளி, "அடுப்பு மூட்ட உதவும், கொண்டு போம்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதை ஒரு கைவண்டியில் வைத்து, கடற்கரைப் பக்கமாகச் சுற்றி, எல்லாரும் பார்க்கும்படி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு எதையும் எரிக்க மனம் வராது. ஒரு பழைய ஆணியைக்கூட எறியமாட்டார்.

அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரை நீ மறந்திருக்கமாட்டாய். ஒருவர் கிண்ணியாவிலிருந்து வந்து ரவுன் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த மீரான் நானா. மற்றவர் தொலைபேசி நிலையத்தில் இருந்த மரியாம்பிள்ளை அண்ணை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மீரான் நானாவுக்குத்தான் முதலில் யோசனை வந்தது. ஒரு நாளைய தாளில் அன்றைக்கு ஓடப்போகிற குதிரைகளின் பட்டியல் இருக்கும். எந்தக் குதிரை முன்பு எப்படி ஓடியது, முதுகில் எவ்வளவு பாரம், ஏறுகிறவன் யார், மழை பெய்து தரை சேறா, காய்ந்து இறுகிக் கிடக்கிறதா, எல்லாம் இருக்கும். மறுநாள் தாளில் எது வென்றது என்று இருக்கும். "மறுநாள் தாளைப் பாராம, முதல்நாள் தாளை மட்டும் பாத்து எது வெல்லும் எண்டு சொல்லுவம். ஆருடைய மூளை பெரிசு எண்டு தெரிஞ்சிரும்" என்றார் நானா. காசு வேண்டாம் என்று மூன்று பேரும் சத்தியம் பண்ணினார்கள். நானாவுக்கு அது ஹராம், மரியாம்பிள்ளை அண்ணைக்கு மனுசிக்குப் பயம், அப்பாவுக்கு இரண்டும். காசுக்குப் பதில் தேங்காய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கறிக்குத் தோற்றவர் தேங்காய் திருவ வேண்டும். குசினிக்குள் ஒளித்து வைத்து அல்ல, விறாந்தையில், தெருவால் போகிற சனமெல்லாம் பார்க்கத் திருவலையில் குந்தியிருந்து.

அப்படித்தான் எங்கள் வீட்டில் குதிரைகள் ஓடத் தொடங்கின. நினைத்துப் பார்த்தால் இப்போதும் எனக்கு ஒரு கனவு போலத்தான் இருக்கிறது. எட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன் ஓடி முடித்த குதிரைகள். பாதி செத்து மண்ணாகியிருக்கும். ஓட்டியவர்களுக்குத் தலை நரைத்திருக்கும். ஆனால் எங்கள் விறாந்தையில் அவை இன்னும் புறப்படவில்லை. உட்துறைமுகத்துத் தண்ணீர் வெயிலில் தகடு மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த வெக்கையில் மூன்று ஆம்பிளைகள், குதிரைப் பந்தயம் ஒன்றைக்கூடக் கண்ணால் காணாதவர்கள், துரையின் நாட்டு யோர்க்கில் நேற்று மழையா இல்லையா என்று சண்டைபிடித்துக்கொண்டு இருப்பார்கள். நான் அரிசி களையும்போது அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். களைந்த தண்ணீர் வெள்ளையாகச் சுழலும்போது பனிமூட்டத்துக்குள் ஏதோ ஓடுவது மாதிரித் தெரியும். குதிரையின் காலடிச் சத்தம் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததாலோ என்னவோ, என் குதிரைகள் சத்தமே இல்லாமல் தண்ணீருக்கு மேலால் ஓடின. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன், மகனே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதை வைத்து அதை அழித்துவிடாதே.

ஒவ்வொருவரும் குதிரையை மதிக்கிற விதமே வேறு. மரியாம்பிள்ளை அண்ணை காதில் பென்சில் செருகிக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்ப்பார். போன தரம் இவ்வளவு பாரத்தோடு மூன்றாவது வந்தது, இந்தத் தரம் பாரம் கூட, ஆகவே வராது. மீரான் நானா அளவெடுக்கிறவர். எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதுதான் அவருக்குக் கணக்கு. "கட்டைச் சாரத்தில நெட்டை ஆளுக்குச் சட்டை தைக்கேலாது நானா" என்று மற்றவர்களையும் நானா என்றே கூப்பிட்டுக்கொண்டு, நீள ஓட்டத்துக்கு நீள ஓட்டக் குதிரையைத் தேடுவார். உன் அப்பாவோ பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வார். ஒரு குதிரையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மேற்றிராணியாரின் குடை' என்று வரும். பிஷப்பின் குடையல்லவா, "ஆண்டவர் கைவிடமாட்டார்" என்று அதைத் தெரிவு செய்தார். கடைசியாய் வந்தது. அடுத்த கிழமை 'விதவையின் லாந்தர்' என்று ஒன்று. ஒரு விதவை லாந்தரோடு எவ்வளவு வேகமாய் ஓடுவாள் என்று நான் கேட்டேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கிழமையோடு மூன்று மாதமாகத் தொடர்ந்து உன் அப்பாதான் தேங்காய் திருவினார். பூசை முடிந்து போகிற பெண்கள் ஒழுங்கை முனையில் நின்று, "என்ன, இண்டைக்கும் ஐயாவோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவருடைய காது மடல் சிவக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். விடை இருக்கிற தாளை யார் வைத்திருப்பது? மூன்று பேருக்கும் ஒருவரிலொருவர் நம்பிக்கை இல்லை. விளையாடாத ஆள் வேண்டும், இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த நான் இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த நாள் விளையாட்டுக்கான விடைகளைக் கத்தரித்து, கடித உறையில் போட்டு, சோற்றுப் பசையால் ஒட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். திறப்பு என் இடுப்பில். "தங்கச்சி கையில இருந்தா கோயில் உண்டியல்ல இருக்கிற மாதிரி" என்பார் மீரான் நானா. தொடக்கத்தில் நான் தாளைத் தலைகீழாய்ப் பிடித்துத்தான் வெட்டினேன், கண்ணில் படக்கூடாது என்று. உண்மையாகத்தான் சொல்கிறேன். விதவையின் லாந்தருக்குப் பிறகு வந்த சனிக்கிழமைதான் தாளை நேரே திருப்பினேன்.

அன்றைக்குப் பின்னேரம் பூசைக்குப் போடுகிற அவருடைய சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். "இஞ்சேருங்கோ, சேத்துத் தரையில பாரம் குறைஞ்ச குதிரைக்குத்தானே சுகம்?" அவர், "உமக்கு உதெல்லாம் விளங்காது" என்றார். ஞாயிறு காலை மூன்றாவது ஓட்டத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேத்துத் தரை எண்டா நான் பாரம் குறைஞ்சதுக்குத்தான் போவன்" என்றார். ஒரு யோசனையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஆம்பிளைக்கு ஒரு நித்திரை போதும், மகனே. உனக்கும் நாளைக்கு உதவும், தெரிந்துகொள். அந்தக் குதிரை வென்றது. அவருடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கலியாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் காணவில்லை. அதற்குப் பிறகு எப்படி நிற்பாட்டுவது? கிழமைக்கு ஆறு ஓட்டம் என்றால் நாலுக்கு மட்டும் ஏதாவது ஒரு சொல் போடுவேன். எல்லாம் சரிவந்தால் சந்தேகம் வரும் அல்லவா? இரண்டைத் தோற்கவிடுவேன். அந்த இரண்டுக்கும் அவரே பெயரைப் பார்த்துத் தெரிவு செய்துகொள்வார்.

ஒரு வருஷத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. கிடங்கு ஐயாவுக்கு ஒரு கண் இருக்கு, பார்த்தால் பிடித்துவிடுவார். எந்தக் கோழி அடைக்கு நல்லது என்று கேட்டு வந்தார்கள். கந்தளாயில் மாடு வாங்கப் போகிறவன் கையோடு அவரையும் கூட்டிப் போனான். எந்தப் பிள்ளை சோதனையில் பாஸ் பண்ணும் என்று கேட்டார்கள். சிலது சரிவந்தது, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த மாதிரி. சரிவந்ததை ஊர் பத்துத் தரம் சொன்னது, பிழையாய்ப் போனதை மறந்தது. நீயும் அப்போதுதான் வளர்ந்தாய். குடாவுக்குள் வருகிற கப்பலைக் காட்டி, எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்பாய். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒரு நாட்டைச் சொல்வார். நீ நம்புவாய். அது கிடங்குக்கு முன்கூட்டியே வருகிற அறிவித்தலில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தான் வாசித்ததைத் தான் கண்டதாகவே அவர் நினைக்கத் தொடங்கியிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெஞ்சு நிமிர்ந்து நடந்ததைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

உனக்கு ஒன்பது வயதில் கிடங்கில் ஒரு பித்தளை மணி காணாமல் போனது. பழைய கப்பல் மணி, சின்ன வாளியளவு. ஒரு வெளிநாட்டுக் கப்டன் வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். முதலாளிக்குச் சரியான ஆத்திரம். வேலையாட்கள் மூன்று பேரை வரிசையாய் நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். "உமக்குக் கண் இருக்கு எண்டு ஊரே சொல்லுது. பாத்துச் சொல்லும், ஆர்?" அப்பா பார்த்தார். இரண்டு பேர் நிமிர்ந்து நின்று அவருடைய முகத்தை நேரே பார்த்தார்களாம். மூன்றாவது ஆள், சம்பூரிலிருந்து வந்து கிடங்கிலேயே தங்கி வேலைசெய்த செல்லத்துரை, வேர்த்துக்கொண்டு குனிந்து நின்றானாம். அப்பா கையை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான். பொலிசுக்குப் போகவில்லை, விசாரிக்கவில்லை, அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே செல்லத்துரை தன்னுடைய பாயையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏறினான். வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னபோது சோறு போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. "வடிவாத் தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாமப் போகுமோ?" என்றார். நான் மிச்சச் சோற்றையும் போட்டேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு மணி கிடைத்தது. வாசல் பக்கம் தரையில் வைத்திருந்த மணிக்கு மேலால் யாரோ ஒரு பெரிய கயிற்றுச் சுருளை இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கயிறு விலைப்பட்டு, சுருளைத் தூக்கினால், நடுவில் மணி குந்தியிருக்கிறது. அன்றைக்கு அப்பா நேரத்தோடு வீட்டுக்கு வந்து, சேட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். அடுத்த சனிக்கிழமை உன்னை மரியாம்பிள்ளை அண்ணை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் சம்பூருக்குப் போனோம். செல்லத்துரை மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான். எங்களைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு வந்தான். அவனுடைய பெண்சாதி இரண்டு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா மணி கிடைத்த கதையைச் சொல்லி முடித்தார். திரும்பி வேலைக்கு வரும்படி கேட்டார். அவன் குனிந்துகொண்டே நின்றான்.

"இல்லை ஐயா. நான் இஞ்சையே இருக்கிறன்" என்றான்.

"அண்டைக்கு ஏனடா தம்பி அப்பிடிக் குனிஞ்சுகொண்டு நிண்டனீ?" அப்பா கேட்ட விதம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"நான் எப்பவும் இப்பிடித்தான் ஐயா நிக்கிறனான். சின்னனிலயிருந்து."

"நீ எடுக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேக்கேல்லையே ஐயா. பாத்தீங்கள்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மிளகாய்க் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னான். திரும்பி வரும்போது குடாவில் காற்றே இல்லை. லோஞ்சின் நிழல் கூடவே வந்தது. அப்பா பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்தபடி இருந்தார். அப்போதே நான் சொல்லியிருக்கலாம். என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு விளையாட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். மீரான் நானாவும் மரியாம்பிள்ளை அண்ணையும் இரண்டு மூன்று கிழமை வந்து சும்மா இருந்துவிட்டுப் போனார்கள். பெட்டி மூலையில் கிடந்து கறையான் தின்றது. அப்பா நல்லவரென்பதால் வெட்கப்படுகிறார், காலம் போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய மனதுக்குள் ஓடியது வேறு. பெரிய வெள்ளிக்கு முந்தின தவசுகாலம் வந்தது. கோயிலில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து கிணற்றடியில் என்னோடு கதைத்தார். "எனக்குத் தெரிஞ்சிருக்கும், அதுதான் பயமாக்கிடக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. "என்ர கண் பிழை விடாது. அவன் எடுக்கேல்லை எண்டு அது கண்டிருக்கும். கண்டும் நான் அவனைத்தான் காட்டினனான். ஏன் காட்டினன்? அவனில எனக்கு என்ன வன்மம்?" என்று கேட்டார். பிறகு அவரே தேடத் தொடங்கினார். செல்லத்துரை நன்றாகப் பாடுவான், முதலாளிக்கு அவனைப் பிடிக்கும், அதனால் எரிச்சலோ? ஒருநாள் எதிர்த்துக் கதைத்தான், அதை மனதில் வைத்திருந்தேனோ? இல்லாத வன்மத்தைத் தன் நெஞ்சுக்குள் தோண்டித் தோண்டித் தேடினார் அந்த மனிதர். ஒவ்வொரு வருஷமும் தவசுகாலத்தில் சுவாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார். தான் செய்யாத பாவத்தை.

அவசரப்பட்டுப் பிழைவிட்ட மனிதர் அவர். யாருக்குத்தான் பிழை வராது? ஆனால் தனக்குக் கண் இருக்கிறது என்று நம்பினபடியால், பிழைவிட்டேன் என்று நினைக்க அவரால் ஏலாமல் போனது. தெரிந்தே ஒரு ஏழையை அழித்தேன் என்றே நினைத்தார். ஒரு வசனம் போதும். "உங்களுக்குக் கண்ணே இல்லை, எல்லாம் நான்தான் சொல்லித் தந்தனான்" என்று சொன்னால் அவருடைய பாரம் இறங்கியிருக்கும். எத்தனையோ தரம் வாய்வரை வந்தது. சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவருக்கென்று ஊரில் இருந்த ஒரே பெருமை அது. நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அந்தக் காரணம் பாதி உண்மை. மிச்சப் பாதி, என்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்ற பயம். நீ கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு, அவருக்குக் கடைசி வருத்தம் வந்து சாய்மனைக் கதிரையிலேயே கிடந்தபோது, ஒருநாள் காலை என் கையைப் பிடித்துக் கேட்டார். "நீர் சொல்லும், நான் கெட்டவனோ?" நான் "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். அது அவருக்குப் போதவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. ஒரு பெண் தன் புருசனில் உள்ள அன்பால் அவருக்கு ஒரு பொய்யைக் கொடுத்து, அந்தப் பொய்யாலேயே அவரைக் கொன்றாள் என்று நினைத்துக்கொள். நான் நினைத்துக்கொள்ளாத நாள் இல்லை.

அதனால்தான் உன் கடிதத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கண் என்று ஒன்று இருக்கவில்லை, மகனே. அவரிடம் இல்லாததை நீ அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. உனக்கு அவரிடமிருந்து வந்தது அவருடைய மூக்கும், ஒன்றையும் எறிய மனம் வராத குணமும்தான். அதிலும் மூக்கு கொஞ்சம் பெரிது. நீ கெட்டிக்காரன், படித்தவன், கொழும்பில் உன்னைக் கேட்டுத்தான் வேலை நடக்கிறது என்று உன் சிநேகிதர்கள் சொல்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பட்டியலைப் பார்த்து, பாரத்தைப் பார்த்து, போன தரம் எப்படி ஓடியது என்று பார்த்துக் குதிரையைச் சொல்லலாம். அதுவும் பாதி தரம் பிழையாய்ப் போகும். வாயிருக்கிற ஒரு மனுசியைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதே. அவளுக்கு வாய் இருக்கிறது. அன்றைக்கு நான் உள்ளே பெண்களோடு இருந்தேன்; நீ கேட்ட இரண்டு கேள்வி என்ன என்று வாத்தியார் பிறகுதான் எனக்குச் சொன்னார். "எதுவரை படித்தீர்?", "கொழும்பு பிடிக்குமா?" பதினைந்து பேர் சுற்றியிருந்து வாய் பார்க்க, ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அதற்குப் பதில் வராததால் அவள் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டினாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். கோபம்தான். உன்னை இப்படி வளர்த்தவள் நான் என்பதால் பாதிக் கோபம் என்மேல்.

நேற்றுப் பின்னேரம் நான் தனியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் பள்ளிக்கூடத்தால் இன்னும் வரவில்லை. றெஜினா கிணற்றடியில் பாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தாள். இரும் பிள்ளை என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்துக் கல்லில் இருந்தேன். ஒரு பானையை எடுத்து நானும் மினுக்கினேன். பிறகு நேரே கேட்டேன், "அண்டைக்கு ஏன் பிள்ளை கை நடுங்கினது?" அவள் சாம்பல் கையைத் தண்ணீரில் கழுவினாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இரண்டே வசனம்.

அது என்ன என்று நீ இப்போது அந்தரப்படுவாய். நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு எவ்வளவு ஆசையாயிருக்கிறது தெரியுமா? நல்லதோ கெட்டதோ, ஒரு சொல்லை இந்தக் கடிதத்துக்குள் போட்டுவிட்டால், நாளைக்குக் காலை அது உன்னுடைய யோசனையாகிவிடும். நீயே கண்டுபிடித்தாய் என்று நினைப்பாய். விடையை ஒரு ஆம்பிளையின் காதில் முன்கூட்டிப் போட்டு நான் பட்டது போதும். இந்தத் தரம் உறையை நான் உடைக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தால், என் மகன் தானே வந்து பதில் சொல்வான் என்று சொல்வேன். அடுத்த சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வா. ஆட்களைக் கூட்டாமல், தட்டும் பலகாரமும் இல்லாமல், ஒரு கதிரையை அவளுக்கு முன்னால் போட்டு இருந்து கேள். அவள் சொல்வதைக் கேட்ட பிறகும் உனக்குச் சரிவராது என்றால், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் வேண்டாம் என்பதை அவளுடைய முகத்தைப் பார்த்து நீயேதான் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பி என் வாயால் சொல்லவைக்க முடியாது. போகும்போது ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போ. நான் கிளம்பும்போது அவள் படலை வரை வந்தாள். அவளுக்கும் உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறதாம்.